பனியை ஜெயித்த வண்டி

என் வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் வண்டி ஓட்டியவர். பென்ஷன் வாங்கிக்கொண்டு அவர் புதுச்சேரிக்குத் திரும்பிய சமயம், பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கி மடித்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஊருக்குப் போகிற துரைமார்கள் வீட்டுச் சாமான்களை விற்றார்கள். புத்தி உள்ளவர்கள் கட்டில் வாங்கினார்கள், அலமாரி வாங்கினார்கள், நிலைக்கண்ணாடி வாங்கினார்கள். இவர் நாலு சக்கரமும் இழுக்கிற ஒரு பெரிய வண்டியை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார்.

எங்கள் தெரு அதற்காகப் போட்ட தெரு இல்லை. வண்டி நின்றால் எதிர்வீட்டுக்காரர் சைக்கிளைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டுதான் வெளியே போக வேண்டும். அவர் நல்ல மனிதர், ஒன்றும் சொல்லவில்லை. அவர் மனைவிதான் எனக்குக் கேட்கிற மாதிரி தன் மாமியாரிடம் சொன்னாள்.

மற்ற வண்டிகளைப் பின்சக்கரம் மட்டும்தான் தள்ளுமாம். இதில் ஒரு குட்டி கியர் இருந்தது. அதைப் போட்டால் முன்சக்கரமும் சேர்ந்து இழுக்குமாம். இதை நான் தெரிந்துகொள்ளாமல் இருக்க வழியே இல்லை. காய்கறிக்காரியிலிருந்து தபால்காரர் வரைக்கும் எங்கள் வாசலுக்கு வந்த அத்தனை பேருக்கும் அந்தக் கியரைக் காட்டினார். காட்டிவிட்டுப் பனிக்கதைக்கு வருவார்.

"ஆல்ப்ஸ் மலை. இடுப்பளவு பனி. மத்த வண்டியெல்லாம் அங்கங்க படுத்துடுச்சு. இதே மாதிரி வண்டி, நான் ஓட்டுறேன். அலோர், பூனை மாதிரி போவுது!"

"அலோர்" என்பது அவருடைய தொடக்கச் சொல், பிரெஞ்சில் 'அப்படின்னா' என்று அர்த்தமாம். அது வந்தால் இனி உட்கார இடம் தேடிக்கொள்ள வேண்டியதுதான். பனி முதலில் இடுப்பளவு இருந்தது. அடுத்த வருடம் மார்பளவு ஆயிற்று. என் தம்பி மனைவி வீட்டுக்கு வந்தபோது கழுத்துவரை ஏறிவிட்டது. அவள் பயந்துபோய், "அப்போ நீங்க மூச்சு எப்பிடிண்ணே வுட்டீங்க?" என்று கேட்டாள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பனி என்றால் மார்கழி மாதத்தில் காலையில் கோலம் போடும்போது தலையில் இறங்குகிறதே, அதுதான். "எனக்குப் பனி ஒத்துக்காதுங்க, மூக்கு அடச்சிக்கும்" என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னதற்கு இவர் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

வண்டியோடு கூடவே ஒரு தகரப்பெட்டியும் வந்திருந்தது. அதற்குள் கனமான இரும்புச் சங்கிலிகள். பனியில் போகும்போது டயரைச் சுற்றிக் கட்டுவதற்காம். வெயில் காலத்தில் தார் உருகிச் செருப்பில் ஒட்டுகிற ஊருக்கு இதை யார் அனுப்பினார்கள் என்று தெரியவில்லை. சீமையில் பெட்டி கட்டின ஆள் சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்கிறவனாக இருந்திருப்பான். இவர் வாரம் தவறாமல் அந்தச் சங்கிலிகளைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துக் கூடத்து ஆணியில் மாட்டி வைப்பார். என் தாலிச்சங்கிலி கறுத்துக் கிடந்தது. அதற்கு மெருகு போட என்னைத் தட்டான் கடைக்கு அழைத்துப் போக அவருக்கு நேரம் வாய்க்கவில்லை.

இவ்வளவு பேசுகிற மனிதருக்கு ஒரு விஷயத்தில் மட்டும் வாய் அடைத்துப் போகும். அது மாசி மகம்.

மாசி மகத்தன்று சுற்றுப்பட்டுச் சாமிகளெல்லாம் வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வரும். எங்கள் தெரு அம்மனும் போகும். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு தோள் என்று வழக்கம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஓர் ஆண்பிள்ளை பல்லக்குத் தண்டுக்குத் தோள் கொடுக்க வேண்டும். வெறுங்காலோடு, கோயில் வாசலிலிருந்து கடல் தண்ணீர்வரை. அண்ணன் தம்பி தனித்தனி வீட்டில் இருந்தாலும் கணக்கில் ஒரே வீடு, ஒரே தோள்தான். இவர் சீமையில் இருந்த காலமெல்லாம் எங்கள் வீட்டுத் தோளை இவருடைய தம்பிதான் கொடுத்துக்கொண்டிருந்தார். இவர் திரும்பி வந்த பிறகும் அவரேதான் கொடுத்தார். ஒரு வருடம் இவருக்குக் காய்ச்சல். ஒரு வருடம் முதுகுப் பிடிப்பு. மாசி பிறந்தால் இவர் உடம்புக்கு ஏதாவது வந்துவிடும்.

உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். இடது காலில் விரல்கள் மூன்று கிடையாது. சைகோனில் இருந்தபோது தோட்டாப் பெட்டி காலில் விழுந்து நசுங்கிவிட்டது என்று என்னிடம் சொல்லியிருந்தார். வீட்டுக்குள்ளேகூடக் காலுறையைக் கழற்ற மாட்டார். தெருவில் யாருக்கும் இது தெரியாது. லேசாக நொண்டுவதைப் பார்த்துவிட்டுக் குண்டு பட்டிருக்கும் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். இவரும் இல்லை என்று சொல்லவில்லை.

தோள் கொடுத்த வீட்டுக்குத்தான் அம்மன் பிரசாதம் முதலில் போகும். அதனால் மூத்தவர் வீட்டுப் பிரசாதம் இளையவர் வீட்டுக்குப் போய், அங்கிருந்து என் ஓரகத்தி ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வந்து, "அக்கா, உங்களுக்கும் கொஞ்சம்" என்று வைத்துவிட்டுப் போவாள். அந்தக் 'கொஞ்சம்' என் நெஞ்சில் முள்ளாகக் குத்தும். இவர் அந்தப் பொங்கலைத் தொட்டதே இல்லை. அம்மனுக்கு ஒரு தடவையாவது தன் வீட்டுத் தோள் தன் பேரில் போய்ச் சேர வேண்டும் என்று அவர் தவித்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள்.

அந்த வருடம் பக்கத்துத் தெருக்காரர்கள் தங்கள் சாமிக்குப் புதுக் குடை வாங்கிவிட்டார்கள் என்று சேதி வந்தது. எங்கள் தெருப் பெரியவர்கள் கூடி, நாம் என்ன செய்வது என்று கவலைப்பட்டார்கள். இவர் எழுந்தார்.

"அலோர், அம்மனை என் வண்டியில வைங்க. மத்த தெருச் சாமியெல்லாம் ரோட்டுல வண்டியிலதான் வருது, மணல் வந்ததும் எறக்கிடுவாங்க. நம்ம அம்மன் எறங்கவே வேணாம். நேரா தண்ணிக்குக் கொண்டுபோய் நிறுத்துறேன். அது என் வூட்டுத் தோளா இருக்கட்டும்."

"மணல்ல போவுமா?" என்று கேட்டார் கோயில் தர்மகர்த்தா.

"பனியிலயே போச்சுங்க. நோணாங்குப்பத்துச் சேத்துல போன மழைக்கு ஏறி வந்துச்சே, பாத்தீங்கள்ல?"

சேற்றில் ஏறி வந்தது உண்மைதான். பக்கத்துத் தெருவின் புதுக் குடை இன்னும் பெரிய உண்மை. சம்மதித்துவிட்டார்கள்.

மகத்தன்று விடியற்காலையில் வாசலில் ஒரே இரும்புச் சத்தம். போய்ப் பார்த்தால் நாலு சக்கரத்துக்கும் சங்கிலி கட்டிக்கொண்டிருக்கிறார்.

"எதுக்குங்க இது? இங்க எங்க பனி இருக்குது?"

"மணலும் பனியும் ஒண்ணுதான்டி. மேல மெத்துனு இருக்கும். சங்கிலி இருந்தாத்தான் புடிக்கும். இதுல நான் அசால்ட்டா இருக்க மாட்டேன்."

அப்படி அவர் முகம் இறுகி நான் பார்த்ததில்லை. அதனால் காபி போட உள்ளே போய்விட்டேன்.

வாழைமரம் கட்டி, பூச்சரம் தொங்கவிட்டு, பல்லக்கைத் தண்டோடு தூக்கி வண்டிமேல் வைத்துக் கட்டினார்கள். பூட்ஸ் போட்டுக்கொண்டு அம்மனை ஓட்டிப்போவதா என்று குருக்கள் முறைத்தார். பிரேக் மிதிக்கப் பூட்ஸ் இல்லாமல் முடியாது என்று இவர் சாதித்துவிட்டார். ஊர்வலம் கிளம்பியது. கல்ரோட்டில் அந்தச் சங்கிலிகள் போட்ட சத்தத்தில் நாதஸ்வரக்காரர் வாசித்தது அவருக்கே கேட்டிருக்காது. பாதி வழியில் அவர் வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சும்மா நடந்து வந்தார். தெருவுக்குத் தெரு சனங்கள் வெளியே ஓடிவந்து பார்த்தார்கள். நெற்றியில் குங்குமமும் தலையில் ராணுவத் தொப்பியுமாக இவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

மணல் ஆரம்பிக்கிற இடத்தில் மற்ற சாமிகளை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். இவர் அவர்களை ஒரு பார்வை பார்த்தார். குட்டி கியரைப் போட்டார். வண்டி உறுமிக்கொண்டு மணலில் இறங்கியது. கொஞ்ச தூரம் போகவும் செய்தது. அப்புறம் முன்னால் போவதை விட்டுவிட்டுக் கீழே போக ஆரம்பித்தது.

மற்ற வண்டியாக இருந்தால் பின்னால் இரண்டு குழியோடு போயிருக்கும். இது நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. நாலும் ஒற்றுமையாகக் குழி தோண்டின. சங்கிலிகள் மணலை வாரி வாரிக் குருக்கள் மேலும் தர்மகர்த்தா மேலும் இறைத்தன. இவர் விடவில்லை, மேலும் மேலும் மிதித்தார். வண்டி வயிறு மணலில் படிந்து உட்கார்ந்துவிட்டது. அம்மன் ஒரு பக்கமாகச் சாய்ந்தாள்.

பலகை போடு என்றார்கள், போட்டார்கள். தள்ளு என்றார்கள், தள்ளினார்கள். பலகை உடைந்தது, தள்ளினவர்கள் குப்புற விழுந்தார்கள். அதற்குள் பக்கத்துத் தெருச் சாமி புதுக் குடையோடு எங்களைத் தாண்டிக்கொண்டு கடலுக்குப் போனது. குடை பிடித்தவன் எங்கள் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு வேறு போட்டான்.

"தீர்த்தவாரி நேரம் தவறுது. எறக்குங்கப்பா அம்மனை" என்றார் தர்மகர்த்தா.

கட்டுகளை அவிழ்த்து இறக்கினார்கள். வழக்கமான ஆட்கள் வழக்கமான இடத்தில் போய்த் தண்டுக்குக் குனிந்தார்கள். எங்கள் வீட்டு இடம் காலியாக இருந்தது. கொழுந்தனார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அங்கே போனார். அப்போது இவர் வண்டியிலிருந்து இறங்கி, அந்த மணலிலேயே உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

வேண்டாம் என்று கத்தத் தோன்றியது. பூட்ஸைக் கழற்றினார். காலுறையையும் உருவினார். தெருவே அந்தக் காலைப் பார்த்தது. இவர் எழுந்து தம்பியிடம் போனார்.

"நகருடா."

"அண்ணே, மணலு காலை உள்ள வாங்கும்ணே…"

"நகருடான்னா."

கொழுந்தனார் நகர்ந்தார். ஆனால் தூரப் போகவில்லை, அண்ணன் விழுந்தால் பிடிக்கிற தூரத்தில் கூடவே நடந்தார். பல்லக்கு எழும்பியது. எங்கள் மூலை மட்டும் ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் தாழ்ந்து எழும்பியது. நான் அழுதுகொண்டே பின்னால் போனேன். தண்ணீர் வரைக்கும் அவர் தோளை மாற்றவில்லை.

வண்டியை மறுநாள் மாடு கட்டி இழுத்தார்கள். அது வேறு கூத்து.

மகத்தன்று சாயங்காலமே தர்மகர்த்தா வீட்டு ஆள் பிரசாதத்தை நேராக எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். என் ஓரகத்திக்கு நான் ஒரு கிண்ணத்தில் அனுப்பினேன். 'கொஞ்சம்' என்று சொல்லி அனுப்பவில்லை, நிறையவே வைத்தேன். இவர் கூடத்தில் வெறுங்காலை நீட்டிக்கொண்டு பொங்கல் சாப்பிட்டார். எண்ணெய் போட்டுக் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே கேட்டேன்.

"உப்புத் தண்ணி பட்டு எரியுதா?"

"இல்ல. அங்கதான் எரிஞ்சுது."

"எங்க, சைகோன்லயா?"

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"சைகோன்லாம் இல்ல. அந்த ஆல்ப்ஸ் மலையிலதான். அங்கயும் வண்டி இப்பிடித்தான் மாட்டிக்கிச்சு. ராத்திரியெல்லாம் நடந்தே வந்தேன். வெரலுங்க பனியில செத்துப்போச்சு."

கழுத்தளவு பனியில் பூனை மாதிரி போன வண்டியைப் பற்றி அத்தனை வருடம் கேட்டவள் நான்.

"எவ்ளோ பனிங்க?"

"முழங்கால் அளவுகூட இல்ல."

"சங்கிலி இருந்துச்சா?"

"இருந்துச்சு. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிக்கு எதுக்குன்னு கட்டாம வுட்டுட்டேன்." கூடத்து ஆணியைப் பார்த்தார். அது காலியாக இருந்தது. "அதான்டி இன்னிக்கு கட்டினேன்."