பம்புக்குள் புகுந்த காற்று

ஏரிக்கரையில் இருக்கும் கோட்டைக்குப்பத்தில் இளவழகனைத் தெரியாத படகுக்காரர் கிடையாது. கரையேற்றிய ஃபைபர் போட்டில் இன்ஜின் கிளம்பவில்லையென்றால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். வந்து இன்ஜின் மேல் உள்ளங்கையை வைத்தாலே கோளாறு எதுவென்று சொல்லிவிடுவான். அப்படிப்பட்டவனுக்கு ஒரு வருடமாகக் கேசவன் என்ற பெயரைக் கேட்டாலே வயிறு எரிந்தது.

இளவழகனின் மனைவி வைஷ்ணவி வேதியியல் படித்தவள். பொன்னேரியில் ஏற்றுமதிக்குப் போகும் இறாலைச் சோதிக்கும் தனியார் லேபில் வேலை. வளர்ப்புக் குட்டையில் போட்ட ஆன்டிபயாட்டிக் இறாலில் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க அங்கே ஒரு ஹெச்பிஎல்சி இயந்திரம் இருந்தது. அது மக்கர் பண்ணினால் சென்னையிலிருந்து சர்வீஸ் இன்ஜினியர் கேசவன் வருவார். அவர் வந்துபோன நாட்களில் வீட்டில் அந்தப் பேச்சுதான்.

"கேசவன் சார் பம்பைப் பிரிச்சு எனக்குக் காட்டுனாரு. அவருக்குத் தெரியாததே இல்லீங்க."

இளவழகன் தட்டைப் பார்த்தபடியே சோற்றைப் பிசைவான்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அவள் முகம் வாடி வந்தாள். மெஷினில் அழுத்தம் ஏறி ஏறி இறங்குகிறது, சோதனை பாதியில் நிற்கிறது, கேசவன் சார் போனை எடுக்கவில்லை என்றாள். போனை எடுக்கவில்லை என்பதில் இளவழகனுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

"அந்த மெஷின் இன்னாதான் பண்ணும்?"

"இறாலை அரைச்சு எடுத்த சாறு, கூடவே ஒரு கரைசல். ரெண்டையும் பம்பு அழுத்தித் தள்ளும். விரல் நீளத்துக்கு ஸ்டீல் குழாய், அதை இங்கிலீஷ்ல காலம்னு சொல்வோம். உள்ள மாவு மாதிரி நைசான தூள் அடைச்சிருக்கும். தூளில ஒட்டிக்கிறது லேட்டா வெளிய வரும், ஒட்டாதது முன்னாடியே வந்துடும். வெளிய வரச்சே வெளிச்சம் பாய்ச்சிப் பார்த்து கம்ப்யூட்டர் மேடு மேடா கோடு போடும். மருந்து எத்தினி நிமிஷத்துல வரும்னு எங்களுக்குத் தெரியும். அந்த இடத்துல மேடு வந்தா இறாலுல மருந்து இருக்குதுன்னு அர்த்தம்."

"இப்ப?"

"அழுத்தம் ஆடறதால மேடு இடம் மாறிப் போவுது."

இளவழகன் யோசிக்கவே இல்லை. "பம்புல காத்துப் பூந்திருக்கு. டீசல் லைன்ல காத்துப் பூந்தா இன்ஜின் இப்படித்தான் இழுத்து இழுத்து ஓடும். நட்டைத் தளத்தி, நொரை நிக்கிற வரைக்கும் டீசலை வெளிய விடுவேன். உன் பம்புல அதுமாதிரி தொறக்கிற இடம் இருக்குதா?"

"பர்ஜ் வால்வு இருக்குது."

மறுநாள் அவள் கரைசலிலிருந்த காற்றைப் போக்கிவிட்டு, வால்வைத் திறந்து பம்பை ஓடவிட்டாள். குமிழிகள் வந்து தீர்ந்தன. அழுத்தம் ஒரே அளவில் நின்றது.

திங்களன்று கேசவன் வந்து பார்த்துவிட்டு அவளைப் பாராட்டினாராம். துள்ளிக்கொண்டு வந்து சொன்னாள்.

"என் பேரைச் சொன்னியா?"

வைஷ்ணவி சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மூன்று நாள் அவன் இருட்டிய பிறகே வீடு திரும்பினான். படகுக்காரர் முரளியின் இன்ஜினில் போல்ட்டை வெறி பிடித்த மாதிரி முறுக்கி, உடைத்தே விட்டான். நாலாம் நாள் கேட்டான்: "அந்த ஆளு மேல உனக்கு இன்னா?"

"ஒன்னும் இல்ல. போட் மெக்கானிக் சொன்னாருன்னு சொன்னா லேப்ல சிரிப்பாங்கன்னு நெனச்சேன். நானே கண்டுபுடிச்சேன்னு சொல்லிட்டேன்."

கேசவனைவிட இதுதான் அவனை அதிகம் சுட்டது. எழுந்து வெளியே போய் ஏரியைப் பார்த்து நின்றான்.

அவள் பின்னாலேயே வந்து, அவன் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டு கேசவனுக்குப் போன் செய்தாள்.

"சார், அன்னிக்கு பொய் சொல்லிட்டேன். பம்புல காத்துன்னு சொன்னது எங்க வீட்டுக்காரரு. போட் இன்ஜின் மெக்கானிக்கு."

எதிர்முனையில் இருமல் கேட்டது. வயதான குரல். "அதானே பார்த்தேன். பம்பைப் பார்க்காமலேயே சொன்னாராம்மா? ஒருநாள் லேபுக்கு வரச் சொல்லு, உள்ளே திறந்து காட்டுறேன்."

இளவழகன் போகவில்லை. கூப்பிட்டவுடன் ஓடுவதா என்ற வீம்பு. அந்தப் பெயர் காதில் விழும்போது இன்றைக்கும் அவன் கை ஒரு கணம் நிற்கும். ஆனால் கேசவன் எப்போது வருகிறார் என்று இப்போது அவனே விசாரிக்கிறான். பம்பு எப்படி ஓடுகிறது என்று கேட்ட பிறகு.