சங்கு அக்காவின் குரல்

தையல்கார அக்காவுக்குத் தெரு வைத்த பேர் சங்கு அக்கா. ஆலைச் சங்கு மாதிரிக் குரல். மாடியிலிருந்து கூப்பிட்டால் கிளம்பின பஸ் கூட நின்றுதான் போகும் என்பார்கள். கடவுள் யோசித்துத்தான் அதைக் கொடுத்திருந்தார். அவள் வீட்டுக்காரருக்கு லேத்துப் பட்டறைச் சத்தத்திலேயே காது மந்தமாகிவிட்டது. காது மிஷின் வாங்கச் சொன்னால், நான் என்ன கிழவனா என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவருக்குச் சரியாகக் கேட்கிற குரல் உலகத்தில் அது ஒன்றுதான்.

அந்தக் குரல் குடியிருக்கிற கழுத்தில், தைராய்டு சுரப்பியில், பட்டாணியை விடச் சின்னதாய் ஒரு கட்டி. ஊசி வைத்து எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் என்று வந்தது.

டாக்டரம்மா நிதானமாக மூன்று வழி சொன்னார். சுரப்பியை முழுசாக எடுத்தால் செலவு கூட, ஆயுசுக்கும் தினம் மாத்திரை. பாதி எடுத்தால் பலருக்கு மாத்திரை வேண்டியிருக்காது. கத்தியே வைக்காமல், ஆறு மாசத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பது மூன்றாவது. இப்போதைக்குச் செலவு கையைக் கடிக்காது, வருஷங்கள் போனால் அதுவும் சேரும், வளர்ந்தால் அப்புறம் ஆபரேஷன். இந்த அளவுக்கு, இருக்கிற இடத்துக்கு, எந்த வழியில் போனாலும் ஆயுசு கிட்டத்தட்ட ஒன்றுதான் என்றார். கத்தி வைத்தால் மட்டும், பக்கத்திலேயே குரல் நரம்பு ஓடுவதால், சிலருக்குக் குரல் கம்மிப்போகும்.

அக்கா எல்லாவற்றையும் வீட்டுக்காரருக்குத் திருப்பிச் சொன்னாள். வெளியே உட்கார்ந்திருந்தவர்களும் விவரம் தெரிந்துகொண்டார்கள். அவர் யோசித்து, "பாதி எடுத்தா பாதி ரேட்டுதானேம்மா?" என்றார். டாக்டரம்மா சிரித்துவிட்டார். ரவிக்கையில் ஒரு கையை மட்டும் பிரித்துத் தைக்க நான் பாதிக் கூலியா வாங்குகிறேன், பிரிக்கிறதில்தானே வேலையே என்று அக்கா விளக்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் ஒரே பிடியாய் நின்றார். ஸ்கூட்டரை விற்றாவது முழுசாக எடுத்துவிட வேண்டும். அக்கா துணியில் கோடு போட்டாலே ஒரு நாள் கிடக்கவிட்டுத்தான் கத்திரி வைக்கிறவள். பொறுத்துப் பார்க்கலாம் என்றாள். உனக்குப் பயமே இல்லையா என்று அவர் கத்தினார்.

அவள் அவர் கிட்டே வந்து நின்றாள். "இருக்குங்க. ஆனா என் குரல் போச்சுன்னா உங்ககூட யாரு பேசுவா?"

மெதுவாகச் சொல்லிவிட்டாள். அவருக்குக் கேட்கவில்லை. அவள் உதடு அசைவதையே பார்த்துக்கொண்டு நின்றார். பார்க்கப் பார்க்க முகம் வெளுத்தது. குரல் போனால் இப்படித்தான் இருக்கும்.

மறுநாள் தானாகப் போய்க் காது மிஷின் மாட்டிக்கொண்டு வந்தார். அக்கா தையல் மிஷினில் குனிந்து, வழக்கம்போல் முணுமுணுவென்று வேண்டிக்கொண்டிருந்தாள். பின்னாலேயே கொஞ்ச நேரம் நின்றார்.

"இத்தனை வருஷமா சாமிகிட்ட என்னைப் பத்திப் புகாரா சொல்லிட்டிருந்தே?"

அக்கா ஊசியை விரலில் குத்திக்கொண்டாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இனிமேல் நீ எவ்வளவு மெதுவாகப் பேசினாலும் எனக்குப் போதும், கத்தியோ காத்திருப்போ உன் இஷ்டம் என்றார்.

அவள் காத்திருக்கிறேன் என்றாள். எந்த ஸ்கேனையும் தட்டிக் கழிக்கக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

முதல் ஸ்கேனுக்கு இருவரும் போனார்கள். டாக்டரம்மா படத்தைப் பார்த்துத் தணிந்த குரலில், "வளரலைம்மா, அப்படியே இருக்கு," என்றார்.

அக்கா வீட்டுக்காரர் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள்.

"கேட்டுச்சு," என்றார் அவர்.