கடுகும் தூணும்

கடுகைப் பார்த்து எல்லோரும் "என்ன அழகு" என்று உருகியதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அப்பாவின் போனில் நானும் தம்பியும் ஆடிய விளையாட்டில் அவன்தான் வில்லன். கடுகு என்பது நாங்கள் வைத்த பெயர். உயரம் ஒரு சாண். ஆனால் ஊர் ஊராகத் தீ வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போவான். எங்கள் வகுப்பில் பாதிப் பேரின் தண்ணீர் பாட்டிலில் அவன் படம்தான். அவனுடைய கையாள் தூண், பனைமர உயரம். பாலத்தருகே சும்மா நிற்பான். நாம் அடிக்கும்வரை அவனும் அடிக்க மாட்டான். எல்லோரும் வெறுத்தது அவனைத்தான்.

இதில் எனக்குச் சொந்தக் கோபமும் உண்டு. பதினொரு வயதிலும் நான் ஏழு வயதுப் பிள்ளைபோல் இருந்தேன். தம்பிக்கு ஒன்பது, பார்த்தால் பதினாலு சொல்லலாம். மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவில் மிளகு மூட்டை இறக்கும் சேட்டன்மார் அவனை, மூட்டை தூக்க வாடா என்று கேலி செய்வார்கள். என் கன்னத்தைக் கிள்ளுவார்கள். நான் முறைத்தால் அதுவும் அழகாம்.

அந்த நவராத்திரிக்கு வில்லன்கள் இருவரையும் களிமண்ணில் செய்தோம். அம்மா கடுகை மட்டும் கொலுவின் மேல்படியில், சரஸ்வதிக்குப் பக்கத்தில் வைத்தாள். தூணைப் பார்க்கப் பயமாக இருக்கிறதென்று கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள். ஊரைக் கொளுத்துகிறவனுக்குச் சரஸ்வதி பக்கத்தில் இடமா? வந்த மாமிகள் சுண்டலை மென்றபடி அவனைக் கொஞ்சினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் மத்தியானம் கீழ்ப்படியில் கால் வைத்து ஏறி அவனைப் பிடுங்கினேன். என் முழங்கை பட்டு, அம்மா பாலக்காட்டிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த சரஸ்வதி விழுந்து உடைந்தாள்.

அம்மா ஓடி வந்தாள். நான்தான் என்று உடனே ஒப்புக்கொண்டேன். இனி யாரும் கன்னத்தைக் கிள்ள மாட்டார்கள் என்று கொஞ்சம் பெருமைகூட இருந்தது. கடுகு என் கையிலேயே இருந்தான். அம்மாவோ வாசலில் நின்ற தம்பியைத்தான் பார்த்தாள்.

"அவ கை அங்க எட்டுமோ? உன்னைக் காப்பாத்தக் கொழந்தை பொய் சொல்றா. நீதானேடா?"

அவன் முதுகில் நாலு விழுந்தது. அவன் நின்ற இடத்திலேயே நின்றான்.

"நானாக்கும் ஒடைச்சது" என்று கத்தினேன். அம்மா என் தலையைத் தடவி, அழாதே என்றாள். சாயங்காலம்வரை அழுதேன். இவ்வளவு பெரிய தப்பைச் செய்தும் ஒருத்தரும் நம்பவில்லையே என்ற ஆத்திரம்தான். தம்பியின் முதுகைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

அவன் கட்டிலுக்கடியிலிருந்து தூணை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இவன் சும்மா நிக்கத்தானே செய்றான், அக்கா" என்றான்.

விளையாட்டைப் பற்றிப் பேசுகிறான் என்று நினைத்தேன். அவனை அடித்தால்தானே அடுத்த லெவல் வரும் என்று எரிந்து விழுந்தேன்.