வாறன் என்று போனவள்

லண்டனுக்கு வந்து ஆங்கிலம் படித்தவர்கள் எத்தனையோ பேர். நான் ஸ்பானிஷ் படித்தேன். ஆசைப்பட்டுப் படிக்கவில்லை, அகப்பட்டுக்கொண்டேன்.

எண்பதுகளின் கடைசியில், கல்யாணம் முடிந்த கையோடு குட்மேய்ஸில் ஒரு மாடி அறைக்கு வந்து சேர்ந்தேன். கணவருக்குப் பெற்றோல் செட்டில் ஷிப்ட் வேலை. அவர் பகலில் நித்திரை கொள்ளும்போது நான் சத்தம் காட்டாமல் யன்னலால் றோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். றோட்டிலும் ஒருவரோடு ஒருவர் கதைக்க மாட்டார்கள். ஊரில் வாய்க்காரி என்று பெயர் எடுத்தவள் நான். இரண்டு மாதத்தில் அந்த வாய் துருப்பிடித்துவிடும் போலிருந்தது.

"இப்பிடியே இருந்தால் உமக்கு விசர்தான் பிடிக்கும். வேலைக்குப் போம். நாலு சனத்தோட பழகினால் இங்கிலீசும் தன்பாட்டில வரும்" என்றார் கணவர். அவருடைய நண்பர் ஒருவர் மூலம் நகர நடுவில் ஒரு பெரிய ஹோட்டலின் லோண்டரியில் வேலை கிடைத்தது.

லோண்டரி நிலத்துக்குக் கீழே இருந்தது. அங்கே ஆங்கிலம் பேசியது சுவரில் ஒட்டியிருந்த தீ எச்சரிக்கை மட்டும்தான். வேலை செய்த பெண்கள் எல்லோரும் கொலம்பியா, ஸ்பெயின் என்று வந்தவர்கள். மெஷின்களின் இரைச்சலுக்கு மேலால் ஸ்பானிஷில் கத்திக் கதைத்தார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு வயிறு குளிர்ந்தது. ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனாலும் இது என்னுடைய ஆட்கள்தான் என்று தோன்றியது.

கட்டில் விரிப்புகளை இரண்டு பேராகத்தான் மடிக்க வேண்டும். எனக்குச் சோடியாகக் கிடைத்தவள் கொலம்பியாக்காரி. என் வயதுதான் இருக்கும். கட்டையான உருவம், பெரிய குரல். முதல் நாள் எந்த நாடு என்று சைகையில் கேட்டாள். சிலோன் என்றேன். "சீ" என்றாள். கல்யாணம் முடிந்ததா என்று மோதிரத்தைக் காட்டிக் கேட்டாள். முடிந்தது என்றேன். "சீ, சீ" என்று தலையாட்டினாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நாயைக் கலைக்கிறமாதிரி இது என்ன பழக்கம்? "உனக்குத்தான் சீ!" என்று நானும் விட்டுக்கொடுக்காமல் கத்தினேன். அவளுக்கு முகமெல்லாம் சந்தோசம். வந்த முதல் நாளே இவள் ஸ்பானிஷ் கதைக்கிறாள் என்று மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். மத்தியானம் தன்னுடைய பாணில் பாதியைப் பிய்த்து என் கையில் திணித்தாள். அவர்களுடைய "சீ" ஆமாம் என்கிற எங்களுடைய "ஓம்" என்று எனக்கு விளங்கியபோது பாணைத் தின்று முடித்திருந்தேன்.

அதற்குப் பிறகு மொழி கையோடு வந்தது. அவள் "தீரா" என்றால் விரிப்பை இழுக்க வேண்டும். "தோப்லா" என்றால் மடிக்க வேண்டும். ஆனால் என்னை மயக்கிய சொல் வேறு. மேற்பார்வை பார்த்த ஸ்பெயின் அம்மா தூரத்திலிருந்து கூப்பிட்டால், என் சோடி "போய்!" என்று பதில் குரல் கொடுப்பாள். கேட்க அச்சொட்டாக எங்கள் போய்தான். அர்த்தமும் "நான் போகிறேன்" என்பதுதானாம். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு எங்கள் சொல்லை யார் கொடுத்தார்கள் என்று நான் பெருமைப்பட்டேன். ஒரு பிழை மட்டும் இருந்தது. "போகிறேன்" என்று கத்திவிட்டு அவள் கூப்பிட்டவரிடம் வந்து நிற்பாள்.

வீட்டில் கணவர் தலையில் அடித்துக்கொண்டார். "இங்கிலீசு படியும் எண்டு அனுப்பினால் நீர் என்னத்தையெல்லோ படிச்சுக்கொண்டு வாறீர்!"

"சினேகிதி ஒருத்தி கிடைச்சிருக்கிறாள். இங்கிலீசு எங்கையும் ஓடிப்போகாது" என்றேன் நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சோடி தன் மகளின் பிறந்தநாளுக்கு என்னைக் கூப்பிட்டாள். லண்டனில் எனக்கு வந்த முதல் அழைப்பு அது. இருந்ததில் நல்ல சேலையை உடுத்திக்கொண்டு, ரயில் மாறி மாறித் தெற்கு லண்டனுக்குப் போனேன். வீடு நிறையச் சனம். பாட்டு, ஆட்டம், அவித்த சோளமா உருண்டை. மகள் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே திரிந்தாள். ஆறு மணியானதும், கணவர் ஷிப்டுக்குப் போக முன் சாப்பாடு கொடுக்க வேண்டுமே என்று எழும்பினேன். விடைபெறுகிற விதம் எனக்குத் தெரியாதா? எங்கள் ஆட்கள் யாராவது வெறுமனே "போறன்" என்று சொல்லிக்கொண்டு வாசலைத் தாண்டுவார்களா? "போட்டு வாறன்" என்பதைச் சொல்லுக்குச் சொல் ஸ்பானிஷாக்கி, "போய் இ பெங்கோ" என்றேன். "சீ, சீ" என்று சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டு ரயில் ஏறினேன்.

அடுத்த நாள் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. விரிப்பை இழுத்த இழுவையில் என் தோள்மூட்டு கழன்றுவிடும் போலிருந்தது. "தீரா" கூட இல்லை. அந்தக் கிழமை முழுவதும் இப்படித்தான். உருண்டையை மிச்சம் வைத்தது பிழையோ, பரிசு சரியில்லையோ என்று நான் மண்டையைக் குடைந்தேன். ரயிலில் வரும்போது கண் கலங்கும். இருந்த ஒரேயொரு சினேகிதியும் போனால் திரும்பவும் அந்த யன்னல்தான் என்று பயமாக இருந்தது.

கடைசியில் ஸ்பெயின் அம்மாதான் என்னை ஒதுக்கமாகக் கூப்பிட்டு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். "நீ இதோ போய் வந்துவிடுகிறேன் என்று சொன்னாயாம். உனக்காகக் கேக் வெட்டாமல் வைத்திருந்தார்களாம். குழந்தை அழுது அழுது சோபாவிலேயே நித்திரையாகிவிட்டதாம்."

அவர்கள் மொழியில் "போய் இ பெங்கோ" என்றால், கடைக்குப் பால் வாங்கப் போகிறவள் சொல்வது. என் போய் என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டது.

நான் ஓடிப்போய், அவள் பிடித்திருந்த விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். இலக்கணம் எதுவும் கையில் இல்லை. தெரிந்த சொற்களையெல்லாம் அள்ளிக் கொட்டினேன். "என் நாட்டில் உயிரோடு இருக்கிறவர்கள் போய் இ பெங்கோ. செத்தவர்கள்தான் போய். நான் செத்தவளா?"

அவள் அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டாள். முகம் இன்னும் இளகவில்லை. எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. "நீ மட்டும் என்ன? கூப்பிட்டால் போகிறேன் என்று கத்துகிறாய். பிறகு வருகிறாய். நான் ஒரு நாளாவது கோவிச்சேனா?"

அவள் "போய்" என்று ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் விரிப்பு கீழே விழுந்து, அதைத் திரும்பத் தோய்க்க வேண்டியதாயிற்று. என்னைக் கட்டிப்பிடித்தபோது இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர்.

அன்றிலிருந்து வேலை முடிந்தால் லோண்டரி முழுவதும் "போய் இ பெங்கோ" என்றுதான் விடைபெற்றது. அடுத்த பிறந்தநாளில் நான் செருப்பைக் கழற்றும் முன்னரே கேக்கை வெட்டிவிட்டார்கள். இவளை நம்ப ஏலாது என்று சோடி எல்லோருக்கும் சொன்னாள். அவளுடைய சினேகிதிகள் என்னுடைய சினேகிதிகள் ஆனார்கள். எங்கள் அறைக்கு வந்து தோசை தின்றார்கள். யன்னல் பக்கம் போக எனக்கு நேரமே இருக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அவள் ஊருக்குத் திரும்ப முடிவெடுத்தாள். சகோதரியோடு சேர்ந்து கடை போடப் போகிறாளாம். கணவர்தான் எங்கள் பழைய காரில் அவளையும் மகளையும் ஹீத்ரோவுக்கு ஏற்றிக்கொண்டு போனார். வழி நெடுகிலும் வாய் ஓயாமல் கதைத்தோம். ஆனால் உள்ளே போகும் இடத்தில் அவள் என் இரண்டு கன்னத்திலும் முத்தம் தந்துவிட்டு, "ஆதியோஸ்" என்றாள்.

இத்தனை வருடம் பழக்கியும் இதுவா சொல்லும் சொல்? திரும்பி வராதவர்கள் சொல்வதல்லவா அது! எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, வரிசையில் பாதி தூரம் போய்விட்டாள். லோண்டரியில் சினேகிதி என்று கூப்பிடும் அதே குரலில், "அமீகா!" என்று கத்தினேன். எத்தனை பேர் திரும்பிப் பார்த்தார்களோ தெரியாது.

அவள் திரும்பாமலே, பழக்க தோசத்தில் கையை மேலே தூக்கி, பெரிய குரலில் பதில் கொடுத்தாள்.

"போய்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டு போனாள்.

காருக்கு நடக்கும்போது கணவர் மெல்லக் கேட்டார். "அவ இனித் திரும்பி வருவாவோ?"

"ஓம். வாறன் எண்டெல்லோ சொல்லிப்போட்டுப் போறாள்."

"போய் எண்டுதானே கத்தினவ?"

"அதுதான்" என்றேன்.