தாராவிச் சந்தில் சிவப்புக் கோலம்
தாராவியில் ஒரு குறுகிய சந்து. வாசலை விட்டுவிட்டு, நடுவழியில் பெரிய சிவப்புக் கோலம். படமெடுக்க ஓர் அடி முன்னால் வைக்கிறேன்.

"அண்ணாச்சி, மிதிச்சிராதிய! அடியில சாக்கடை மூடி ஒடஞ்சி கெடக்கு," என்று கத்துகிறார் இட்லிமாவுக் கடை அக்கா.

"எச்சரிக்கைப் பலகை வைக்கலாமே?"

"வச்சோம். ஒருத்தரும் படிக்கல. கோலம்னா எல்லாரும் ஒதுங்கிப் போறாவ. மராட்டிக்காரங்களும் ரங்கோலின்னு சுத்திப் போறாவ."

இதைப் படமெடுத்து வார்டு ஆபீசின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினாராம். "ரங்கோலி அருமை, போட்டியில் பங்கேற்றதற்கு நன்றி" என்று பதில் வந்ததாம். பிறகு கோலத்தை அழித்து, உடைந்த மூடியை மட்டும் படமெடுத்து அனுப்பிவிட்டு, மறுபடியும் கோலம் போட்டிருக்கிறார். இன்றைய பதிலை எனக்குப் பெருமையாகக் காட்டுகிறார்: நாளை காலை புது மூடி.

"அப்புறம் கோலம் வேண்டாமே?"

"அடுத்த சந்துல ஒரு மூடி ஆடுதுல்லா. நாளைக்கு அங்க போடணும்."

ஸ்டேஷன்வரை வழியெங்கும் வீட்டு வாசல்களில் கோலங்கள். ஒன்றையும் விடாமல் சுற்றிக்கொண்டே நடக்கிறேன். எதன் அடியில் பள்ளம் இருக்கிறதோ, யார் கண்டது?