சாம்பியனுக்கு எதிரே நிற்க ஓர் ஆள்

அந்த ஆடி மாதம் நான் நாமக்கல்லில் இருந்திருக்கவே கூடாது. போர்வெல் போடுகிற ரிக் வண்டியோடு வடக்கே போயிருக்க வேண்டியவன். அங்கே மழை பிடித்துக்கொண்டது. சேற்றில் வண்டி இறங்காது என்று முதலாளி ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். மழை விடும்வரை என்று சொல்லி பைபாஸ் ஓரத்து டயர்க் கடை ஒன்றில் சேர்ந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவனுக்கு இரும்பு தூக்குகிற வேலை எங்கேயும் கிடைக்கும். சாப்பாடு கடையிலேயே, படுக்கை பழைய டயர்களுக்கு நடுவில். கொசுவைத் தவிர குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் ஒவ்வொரு லாரி கடந்து போகும்போதும் உட்கார முடியாமல் எழுந்து நிற்பேன். என் துணிப்பை சுவர் ஆணியில் கட்டியபடியே தொங்கியது. சட்டை வேண்டுமென்றால் மட்டும் அவிழ்ப்பேன்.

கடைக்காரர் நாற்பதை நெருங்கியவர். ஷட்டருக்கு நடுவே நின்றால் உள்ளே வெளிச்சம் குறையும். லாரி டயரை ரிம்மிலிருந்து பிரிப்பதற்கு இரண்டு பேர் எதிரெதிரே நிற்க வேண்டும், ஆளுக்கொரு கடப்பாரையோடு. அதில் அவர் ஒரு விதி வைத்திருந்தார். கடப்பாரை நழுவி எதிராளி மேல் பட்டுவிட்டால் இரும்பைக் கீழே போட்டுவிட்டு, பட்டதா என்று கேட்க வேண்டும். அவன் பதில் சொன்ன பிறகுதான் மறுபடி இரும்பைத் தொடலாம். முன்பு இருந்த ஆள் ஒருவன் அடிபட்டதை வெளியே சொல்லாமல் வேலையைத் தொடர்ந்து, மரத்துப்போன கை வழுக்கி, ரிம் வளையம் தெறித்து மணிக்கட்டு போயிருக்கிறது. நான் சேர்ந்த முதல் நாளே என் முழங்கையில் கடப்பாரை உரசியது. ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினேன்.

"தலையாட்டுனா ஆகாது. வாயத் தொறந்து சொல்லோணும்" என்றார்.

பக்கத்துப் பட்டறையில் லாரிகளுக்கு எழுத்தும் புலிமுகமும் எழுதுகிற பெயிண்டர் மத்தியானங்களில் எங்களோடு சாப்பிட வருவார். அவர்தான் அந்தப் பழைய குத்துச்சண்டைப் படங்களை போனில் கொண்டுவந்தவர். நூறு வருடத்துக்கு முந்தையவை. சத்தம் கிடையாது. முறுக்கு மீசை வைத்த, வயிற்றுக்கு மேலே கச்சை கட்டிய கனத்த ஆட்கள் பொம்மைகள் மாதிரி படபடவென்று அசைவார்கள். பெரிய சாம்பியன் ஒருவர் தொப்பை வைத்த ஆள் ஒருவனை அடிப்பார். அவன் விழுவான். எழுந்திருக்கும்போதே பக்கத்தில் நின்று மறுபடி அடிப்பார். அந்தக் காலத்தில் அதற்குத் தடை இல்லையாம்.

"பாத்தீங்களா! சிங்கமுங்க இவரு" என்பார் பெயிண்டர்.

"சிங்கமென்ன சிங்கம். எதுக்கால நிக்கறவனப் பாருங்க. பேக்கரிக்காரனாட்ட இருக்கறான்" என்றேன் நான். "இவிய எல்லாம் சோப்ளாங்கிகளாப் பொறுக்கி அடிச்சுத்தான் பேரு வாங்குனாங்க. நல்ல ஆளு வந்தா நாள் தள்ளிப் போடுவாங்க."

"ஏப்பா, ஊரு ஊராப் போயி, நாலு ரவுண்டு நின்னவனுக்குப் பரிசுன்னு கூப்புட்டுருக்கறாரு. வந்தவனெல்லாம் மொத ரவுண்டுலயே படுத்துட்டான். அது பொறுக்கறதா?"

"படுக்காதவன் ஒருத்தனுமே இல்லீங்களா?"

பெயிண்டர் ஒப்புக்கொண்டார். ஒருவன் இருந்தானாம். அடி விழும் முன்பே தானாக விழுவான், எழுவான், மறுபடி விழுவான். இப்படியே நாலு ரவுண்டையும் ஓட்டிவிட்டான்.

நான் சிரித்தேன். அதுவரை சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கடைக்காரர் நிமிர்ந்தார்.

"உளுந்து உளுந்து எந்திரிச்சா அது நின்னதாகுமா?"

அவர் ஏன் கேட்டார் என்பது இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. இளவட்டத்தில் சேலத்தில் டயர் கம்பெனியில் வேலை பார்த்தபோது, அம்மாபேட்டையில் ஒரு மாஸ்டரிடம் குத்துச்சண்டை கற்றிருக்கிறார். இரண்டொரு போட்டியில் இறங்கி, ஒன்றிலும் கடைசி மணிவரை நின்றதில்லை. கல்யாணம், கடை என்று அது போயிற்று. இப்போது அதே மாஸ்டர் போன் செய்திருந்தார். அவரிடம் ஒரு பையன் இருக்கிறான், மாநிலப் போட்டிக்குப் போகிறவன், மாவட்ட சாம்பியன். அவன் எடைக்குச் சண்டை போட ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு காட்சிப் போட்டி, மூன்று ரவுண்டு, வருகிறாயா என்று கேட்டாராம்.

"அடி வாங்கறதுக்குப் பெரிய ஒடம்பு வேணும்னு கூப்புடறாங்க" என்றேன்.

"தெரியுமப்பா. ஜெயிக்கறதுக்கா போறேன்? கடைசி மணி அடிக்கையில நின்னுட்டு இருக்கோணும். அவ்வளவுதான் எனக்கு."

அவர் மனைவி சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டுக் கேட்டார். "கை போச்சுன்னா கடப்பாரைய யாரு புடிக்கறது? இந்த ஆளா? இவரு நாளைக்கே லாரி ஏறிருவாரு."

எனக்குச் சுருக்கென்றது. உண்மையைத்தான் சொன்னார். மழை விட்டதாக ரிக்கிலிருந்து செய்தி வந்திருந்தது. ஞாயிறுவரை இருப்பது என்று முடிவு செய்தேன். அந்த நாட்களில் சாப்பாட்டு நேரச் சண்டை முற்றிப்போனது. சாம்பியன்கள் சாதாரண ஆட்களிடம் திணறியதாகப் படம் ஏதாவது கிடைத்தால் அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்வார் கடைக்காரர். ஜெயிக்கிற ஆளை அவர் பார்க்கவே மாட்டார். விழுகிறவனின் கால் எங்கே இருக்கிறது என்று பார்ப்பார்.

ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் அம்மாபேட்டையில் ஒரு கல்யாண மண்டபம் வாடகை குறைவாகக் கிடைத்திருந்தது. மணமேடைக்கு முன்னால் கயிறு கட்டி மேடை போட்டிருந்தார்கள். பந்தி நாற்காலிகளில் கூட்டம். பையன் இருபது வயது இருப்பான், உருக்கி வார்த்த மாதிரி. கடைக்காரர் ஏறியதும் பின்வரிசையிலிருந்து ஒருவன், "மாப்பிள்ளைக்கு வயசு ஜாஸ்தியா இருக்குதே!" என்று கத்தினான். மண்டபமே சிரித்தது.

முதல் சுற்றில் அவர் வாங்கிக்கொண்டே இருந்தார். என்னால் உட்கார முடியவில்லை. தூணுக்கும் கயிற்றுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தேன். இரண்டாவது சுற்றிலும் அதேதான். ஆனால் விழவில்லை. டயர் மேல் சாய்கிற மாதிரி பையன் மேல் சாய்ந்து அவன் கைகளை அடக்கிவிடுவார். பெயிண்டர் என் காதில், "நின்னுருவாரு போல" என்றார்.

மூன்றாவது சுற்றின் நடுவில் அது நடந்தது. பையன் உள்ளே வரும்போது கடைக்காரரின் வலது கை நீண்டது. காதோரத்தில் சரியாகப் பட்டது. பையன் தள்ளாடிக் கயிற்றைப் பிடித்தான். கூட்டம் எழுந்துவிட்டது. இன்னொன்று போட்டிருந்தால் சாம்பியன் கீழே கிடந்திருப்பான்.

கடைக்காரர் இரண்டு கைகளையும் தொங்கவிட்டார்.

"பட்டுருச்சுங்களா சாமி?"

பையன் பதில் சொல்லவில்லை. விலாவுக்குக் கீழே ஒன்று கொடுத்தான். அவர் மடங்கி உட்கார்ந்தார். மூச்சு வரவில்லை. நடுவர் பத்து எண்ணி முடித்தபோது ஒரு முட்டியைத்தான் ஊன்றியிருந்தார்.

பின்னால் பந்தி மேஜையில் அவரைக் கொண்டுபோய் உட்கார வைத்தோம். பெயிண்டர் தலையில் அடித்துக்கொண்டார். "சண்டை நடுவுல ஆராச்சும் சொகம் விசாரிப்பாங்களா? படத்துல ஒருத்தனாச்சும் அப்பிடிப் பண்ணுனானா?"

"அவன் பதிலே சொல்லலையப்பா" என்றார் கடைக்காரர். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. கையுறையைக் கழற்றப் போனேன், விடவில்லை.

கூட்டம் கலைந்து, நாற்காலிகளை அடுக்கத் தொடங்கியபோது பையன் வந்தான். ஒரு காது சிவந்து வீங்கியிருந்தது.

"அப்ப கேட்டீங்கல்லண்ணா? பட்டுச்சு. இன்னும் கொய்யுங்குது."

கடைக்காரர் மேஜையிலிருந்து இறங்கினார். "செரி. அப்ப மிச்சத்தப் போட்டரலாமுங்களா?"

பையன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை என்று கண்டதும் மாஸ்டரைப் பார்த்தான். மாஸ்டர் அவருடைய கண்ணிமையை விலக்கிப் பார்த்தார், விலாவை அமுக்கிப் பார்த்தார், மூச்சை இழுத்துவிடச் சொன்னார். பிறகு தோளைக் குலுக்கிக்கொண்டு, "பையனுக்கும் ஒரு பயிற்சிதானே, ஏறுங்க" என்றார்.

காலி மண்டபத்தில், நாற்காலி மடக்குகிற சத்தத்துக்கு நடுவே, மிச்சமிருந்த அரைச்சுற்றைப் போட்டார்கள். பையன் விட்டுக்கொடுக்கவில்லை, அதை நான் பார்த்தேன். கடைக்காரர் மூக்கில் ரத்தம் வந்தது. நாற்காலி அடுக்குகிறவர்கள் வேலையை நிறுத்தி நின்றார்கள். மாஸ்டர் மணியை அடித்தபோது கடைக்காரர் கயிற்றைக்கூடப் பிடிக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

நாமக்கல் பஸ்ஸில் பெயிண்டர் ஆரம்பித்தார். "பத்து எண்ணியாச்சு. சாம்பியன் ஜெயிச்சதுதான். அப்பறம் போட்டதெல்லாம் சேராது."

"நாலு ரவுண்டு உளுந்து எந்திரிச்சவனுக்கே பரிசு குடுத்திருக்கறாங்க. இது எப்படிச் சேராது?" என்றேன்.

ராசிபுரம் தாண்டும்வரை கத்தினோம். கண்டக்டர் வந்து அதட்டினார். ஜன்னலோரம் சாய்ந்திருந்த கடைக்காரர் கண்ணைத் திறந்து, "நின்னனா இல்லையா, அத மட்டும் சொல்லுங்கப்பா" என்றார்.

பெயிண்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். நான் தலையாட்டினேன். கடைக்காரர் என் மேலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

"நின்னீங்க" என்று வாயைத் திறந்து சொன்னேன்.

மறுநாள் காலையில் பையை ஆணியிலிருந்து எடுத்தபோது, எனக்குப் பதில் கடப்பாரை பிடிக்க ஆள் கேட்டு அவர் மனைவி யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தார். வடக்கே போகிற முட்டை லாரி ஒன்றில் இடம் கிடைத்தது.