பெண்கள் பக்கம் ஒரு கடுவன்

எனக்குக் கண் போய்ச் சில வருஷமாகிறது. அழுது முடித்துவிட்டேன், அந்தக் கதை இங்கே வேண்டாம். ஒரே ஒரு விஷயத்தில்தான் ஆத்திரம் தீராமல் இருந்தது. குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் தென்காசிக்காரிக்கு வீட்டில் இருப்புக்கொள்ளுமா? நானும் பேரருவிக்குப் போவேன். ஆனால் அங்கே ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு குளிக்க வழியில்லை. அதனால் என் அண்ணன் மனைவிதான் துணைக்கு வருவாள். மதினி தங்கமானவள்; பிடிதான் இரும்பு. ஆட்டுக்குட்டியை இழுப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய்த் தண்ணீரில் நிறுத்துவாள். தலை முழுசாக நனைவதற்குள் காதுக்குள் கத்துவாள்: "ஏட்டி, போதும் வா!" எனக்குப் போதுமா என்று கேட்டதே இல்லை.

போன வருஷம் ஒரு வழிகாட்டி நாய் வந்து சேர்ந்தது. வெளியூரில் பயிற்சி பெற்ற கறுப்பு லாப்ரடார். அதன் முதுகில் பூட்டிய வாரில் ஒரு கைப்பிடி இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டுதான் இப்போது கடைக்கும் வேலைக்கும் தனியாகப் போய்வருகிறேன். இந்த சீசனில் அருவிக்கும் அப்படியே போவது, எனக்குப் போதும் என்று தோன்றுகிறவரை நிற்பது என்று முடிவு கட்டினேன்.

"கூட வாங்க மதினி. ஆனா கையப் பிடிக்கக் கூடாது" என்றேன்.

"நீ விழுந்து பல்லு போச்சுன்னா உங்க அண்ணன் என்னத்தான் ஏசுவாரு" என்று முனகிக்கொண்டே கிளம்பினாள்.

பெண்கள் பக்கம் போகும் வழியில் ஒரு பெண் போலீஸ் நிறுத்தினாள். நான் எதிர்பார்த்ததுதான். நாயின் அடையாள அட்டையை நீட்டினேன். இது சாதாரண நாய் இல்லை, பார்வையில்லாதவளுக்குத் துணை, நான் போகிற இடத்துக்கு இதுவும் வர உரிமை உண்டு என்று வீட்டில் ஒத்திகை பார்த்ததை அப்படியே ஒப்பித்தேன். கடிக்குமா, அசிங்கம் பண்ணுமா, எதைக் கேட்டாலும் பதில் தயார்.

அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிக்கா. இது கடுவனா, பொட்டையா?" என்றாள்.

"கடுவன்."

"அப்ப விட முடியாதுக்கா. பொம்பளைங்க குளிக்கிற இடம்லா!"

அடக் கடவுளே! இதற்கு நான் பதில் தயார் பண்ணவில்லையே. வரிசை இரண்டாகப் பிரிந்து வழக்காட ஆரம்பித்தது. "அது பாவம், வாயில்லா ஜீவன்" என்றது ஒரு குரல். "நாயின்னாலும் ஆம்பளைதான?" என்றது இன்னொன்று. எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்றவர்கள் வேறு வந்து கூடிவிட்டார்கள்.

எனக்குப் பின்னால், கடையநல்லூரிலிருந்து வந்திருந்த ஒரு அக்கா பொறுக்க மாட்டாமல் குரலை உயர்த்தினாள். "ஏம்மா, அந்தா கூரை மேல குத்தவச்சிருக்கே கடுவன் குரங்கு, அது நாள் பூரா இங்கனதான கெடக்கு? இப்பக்கூட எங்க தங்கச்சி துணியத் தூக்கிட்டு ஓடுச்சு. அத ஏன் நிப்பாட்டல?"

வரிசை முழுக்கக் கொல்லென்று சிரித்தது. போலீஸ்காரியும் சிரித்துவிட்டாள். "போங்கக்கா, போங்க" என்று வழிவிட்டாள். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். சட்டம் பேசியபோது நகராத கால், குரங்கைச் சொன்னதும் நகர்ந்துவிட்டது.

உள்ளே நாலு எட்டு வைத்திருப்போம். நாய் குறுக்கே நின்றுகொண்டது. "முன்னால போ" என்றேன். நகரவில்லை. மறுபடி சொன்னேன். ம்ஹூம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஊரே விட்டாச்சு, இப்போது நீ மறிக்கிறாயா? காலை நீட்டித் தடவினேன். பாறையில் எண்ணெயும் சீயக்காயும் கலந்து வழுவழுவென்று கிடந்தது. மதினி என்னைச் சறுக்கிக்கொண்டே இழுத்துப்போவது இதன்மேல்தான் போலிருக்கிறது!

"சரி ராசா, நீ சொல்ற வழிக்கே போவோம்" என்றேன். நாய் இடது பக்கமாகத் திரும்பி, கால் பிடிக்கிற சொரசொரப்பான தரையில் மெல்ல நடத்திக்கொண்டுபோய், குளிப்பவர்கள் பிடித்துக்கொள்ளப் போட்டிருக்கும் கம்பியருகில் நிறுத்தியது. அதை அங்கேயே உட்காரச் சொல்லிவிட்டு, கம்பியைப் பிடித்தபடி தண்ணீருக்குள் போனேன்.

அருவிக்குள் போனால் இரைச்சலில் காதும் போய்விடும். கண்ணில்லாதவளுக்கு அது சின்ன விஷயமில்லை. கம்பியை இறுக்கிக்கொண்டேன். உச்சந்தலையில், பிடரியில், தோளில் தண்ணீர் மொத்தியது. என் மணிக்கட்டில் யார் கையும் இல்லை. வாய்விட்டுச் சிரித்தேன், கொஞ்சம் அழுதேன் என்றும் நினைக்கிறேன். அந்தத் தண்ணீரில் எதுவும் தெரியாது.

கம்பியோடு திரும்பி வந்தபோது கையில் ஈரமூக்கு இடித்தது. சாரலில் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தவன் எழுந்து ஒரு உதறு உதறினான். வேடிக்கை பார்க்க உள்ளே வந்து கிட்ட நின்ற போலீஸ்காரி, "ஐயோ, யூனிபார்ம்!" என்று அலறினாள்.

"ஏட்டி, போதும் வா, போதும் வான்னு எத்தன தடவ கத்துதேன்! தொண்டத்தண்ணி வத்திப்போச்சு. கேக்கலையா?" என்று மதினி மூச்சுவாங்கினாள்.

"கேக்கல மதினி."

கேட்டிருந்தாலும் வந்திருக்க மாட்டேன். நாயின் கைப்பிடியை எடுத்துக்கொண்டேன்.

"இப்பப் போதும். வாங்க" என்றேன்.